புராஜெக்ட் என்பது ரெக்ஸின் அட்டை அல்ல

ஜனவரி பிறந்துவிட்டால் நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் புதுக் கூட்டம் ஒன்று சேரும். எம்.ஏ., எம்.காம். கடைசி செமஸ்டர் பிள்ளைகள். ஏப்ரல் முடிவதற்குள் அதே பிள்ளைகள் கறுப்பு ரெக்ஸின் அட்டையில் பொன்னெழுத்து பதித்த புத்தகத்தில் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒன்று வழிகாட்டும் பேராசிரியருக்கு, ஒன்று வீட்டு ஷோகேசுக்கு. இதற்குப் பெயர்தான் புராஜெக்ட்.

அந்தப் புத்தகங்கள் பலவற்றை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "தாத்தா, கொஞ்சம் எழுத்துப் பிழை பாருங்க" என்று கொண்டுவருவார்கள். சில நன்றாக இருக்கும். பலவற்றில் பிள்ளையின் கையெழுத்து முதல் பக்கத்து உறுதிமொழியில் மட்டும்தான் இருக்கும். மற்ற எண்பது பக்கமும் எங்கிருந்தோ வந்தவை. பக்கக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு முழு புராஜெக்டையும் செய்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இதற்குப் பிள்ளைகளின் சோம்பல்தான் காரணம் என்று நம் வயதுக்காரர்கள் சொல்கிறோம். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. முதல் காரணம் தலைப்பு. நான்கு மாதத்தில் ஒரு ஆளால் செய்து முடிக்க முடியாத தலைப்பைக் கையில் கொடுத்தால், அந்தப் பிள்ளை திருடுவதைத் தவிர வேறு என்ன செய்யும்? தலைப்பைச் சிறியதாக்கினால் புராஜெக்ட் உண்மையாகும். இதுதான் என் கட்சி.

குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு தகுதிகள் உண்டு. ஒன்று, என் வாழ்நாளில் பெரும்பகுதி ஃபைல் கட்டியவன். எந்தக் காகிதம் எதற்குச் சாட்சி என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. இரண்டாவது, நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். அங்கே எங்களுக்கு இலக்கணம் எவ்வளவு ஏறியதோ தெரியாது, 'பிளான்' போடாமல் ஒரு வரி எழுதக்கூடாது என்பது மட்டும் எலும்பில் ஏறிவிட்டது. முதலில் 'ப்ரூய்யோன்', அதாவது கரட்டுத்தாள். அதில் பிளான். அதை எங்கள் முசியே பார்த்த பிறகுதான் நல்ல தாளைத் தொட வேண்டும். கேள்வி ஒன்றாகவும் பதில் வேறாகவும் இருந்தால் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே வார்த்தை எழுதுவார்: 'ஓர் சுழே'. கேட்டதை விட்டு வெளியே போய்விட்டாய் என்று அர்த்தம். அதற்கு மேல் படிக்கமாட்டார்.

எம்.ஏ. வரலாற்று மாணவர்கள் எடுக்கும் தலைப்பு ஒன்றை உதாரணத்துக்குப் பார்ப்போம். 'புதுச்சேரியில் நெசவாலைத் தொழிலின் வளர்ச்சியும் வீழ்ச்சியும்'. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று ஆலைகள். பிற்பாடு சுதேசி மில், ஏ.எஃப்.டி., பாரதி மில் என்று நாம் சொன்னவை. மூன்றும் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியவை. 1936 ஜூலை 30இல் சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு, 12 தொழிலாளர்கள் பலி. 1954 நவம்பர் 1இல் ஆட்சி மாற்றம். பிறகு ஆலைகள் அரசின் கைக்கு வந்தது, நலிந்தது, மூடியது. இதை முழுதாக எழுத ஒரு மனிதரின் ஆயுள் வேண்டும், பிரெஞ்சு வேண்டும், பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஊரில் இருக்கும் காலனி ஆவணக் காப்பகத்துக்குப் போய்வரப் பணமும் வேண்டும். வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் துணிக்கடையில் நிற்கும் பிள்ளைக்கு இவற்றில் எது இருக்கிறது?

அதனால் என்ன நடக்கிறது? ஒரு புராஜெக்டிலிருந்து அடுத்த புராஜெக்டுக்கு வரிகள் குடிபெயர்கின்றன. 1936 போராட்டத்துக்குப் பிறகு ஆசியாவிலேயே முதன்முதலாக இங்கேதான் எட்டு மணி நேர வேலை கிடைத்தது என்ற வாக்கியம் நான் புரட்டிய பல புத்தகங்களில் இருந்தது. நமக்குப் பெருமையான வாக்கியம், மேடையிலும் கைதட்டல் வாங்கும். ஆனால் 'ஆசியாவிலேயே முதல்' என்று எழுதுகிறவர் ஆசியாவின் மற்ற நாடுகளில் அந்தச் சட்டம் எந்த வருடம் வந்தது என்று பார்த்திருக்க வேண்டாமா? நான் பார்த்தவற்றில் ஒருவரும் அதைத் தொடவில்லை. முன்னால் எழுதியவர் எழுதினார், பின்னால் வந்தவர் எடுத்துக்கொண்டார். ஆபீசில் இப்படி ஆதாரமில்லாமல் ஒரு நோட் போட்டு அனுப்பினால் சூப்பரின்டெண்ட் அதே வேகத்தில் திருப்பி அனுப்புவார்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இரண்டு வருடங்களுக்கு முன் இந்தத் தலைப்போடுதான் வந்தாள். "சார் ஓகே சொல்லிட்டாரு தாத்தா, எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல" என்றாள். நான் தலைப்பைப் பற்றிப் பேசவில்லை. "இதுல உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு உண்மையா ஆசை இருக்கிற விஷயம் ஒண்ணு சொல்லும்மா" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மில் மூடினதும் அந்த வீடுங்க எல்லாம் எப்படிச் சாப்பிட்டிருக்கும்?" என்றாள். அதுதான் கேள்வி. தலைப்பு என்பது வேறு, கேள்வி என்பது வேறு. தலைப்புக்கு முடிவே கிடையாது. கேள்விக்குப் பதில் கிடைத்தால் வேலை முடிந்தது.

பிறகு கத்தரி எடுத்தோம். இடம்: மூன்று ஆலை வேண்டாம், ஏ.எஃப்.டி. மட்டும். ஊர் முழுக்க வேண்டாம், முதலியார்பேட்டையில் மில்காரர்கள் இருக்கும் ஒரு தெரு போதும். காலம்: ஆலை மூடியது 2020 ஏப்ரலோடு, அங்கிருந்து தொடங்கலாம். கேள்வி: சம்பளம் நின்ற பிறகு வீட்டுச் செலவை யார், எப்படித் தாங்கினார்கள்? இவ்வளவுதான். பேராசிரியரும் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார்.

அடுத்தது காலண்டர். பிள்ளைகள் முன்னாலிருந்து பின்னால் எண்ணுகிறார்கள், இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று தோன்றும். அரசாங்கத்தில் நாங்கள் மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். அதே மாதிரி எண்ணச் சொன்னேன். கையில் 16 வாரம். கடைசி 1 வாரம் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் கையெழுத்துக்கும். அதற்கு முந்தைய 2 வாரம் பேராசிரியர் படித்துத் திருத்த. அவருக்கும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருப்பார்கள், முந்தின நாள் ராத்திரி கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அதற்கு முன் 4 வாரம் எழுத. அதற்கு முன் 5 வாரம் தெருவில் இறங்கிக் கேட்க. அதற்கு முன் 2 வாரம் மற்றவர்கள் எழுதியதைப் படிக்க. மிச்சம் 2 வாரம் கேள்வியைத் தேட. கூட்டிப் பாருங்கள், 16 சரியாக வரும். எழுதுவதற்கு நாலே வாரம்தானா என்று அவள் பயந்தாள். கையில் சரக்கு இருந்தால் நாலு வாரம் தாராளம். சரக்கு இல்லாதவனுக்கு நாலு வருடமும் போதாது.

படிப்பதற்கு நம்மூரில் இடமில்லாமல் இல்லை. 1827இல் தொடங்கிய பொது நூலகம் இன்று ரோமன் ரோலண்ட் நூலகமாக இருக்கிறது. செயிண்ட் லூயி வீதியில் 1955இலிருந்து பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்க 'ஷோத்கங்கா' என்ற தளம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை அதில் இலவசமாகப் படிக்கலாம். காப்பியடிக்க அல்ல. யார் எதை ஏற்கெனவே செய்துவிட்டார், எதைத் தொடவில்லை என்று பார்த்துக்கொள்ள.

தெருவில் இறங்கிக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாற்பது கேள்வி அச்சடித்து 'ஆம், இல்லை' என்று டிக் போடச் சொன்னால், மனிதர்கள் உங்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்க டிக் போடுவார்கள். ஆறேழு கேள்வி போதும். மிச்சத்தை அவர்களே பேசட்டும். தேதி கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. "சுனாமிக்கு முன்னாலயா பின்னாலயா?", "தானே புயல் அப்ப பெரிய பையன் என்ன படிச்சான்?" என்று கேட்டால் 2004உம் 2011உம் தானே வரும். வீட்டுக்காரரை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக்கூடாது. வரவு ஆணுக்குத் தெரியும், செலவு பெண்ணுக்குத்தான் தெரியும். பெயரை எழுதலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் எழுதக்கூடாது.

குறிப்பு எடுப்பதில் நான் சொல்லிக்கொடுத்தது ஃபைல் முறை. அரசாங்க ஃபைலில் வந்த கடிதங்கள் ஒரு பக்கம், அதன்மேல் நாம் எழுதும் நோட் இன்னொரு பக்கம். இரண்டும் கலக்கக்கூடாது. நோட்டுப் புத்தகத்திலும் அப்படியே: அவர்கள் சொன்னது வலப்பக்கம், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. நீ நினைப்பது இடப்பக்கம். தேதி போட வேண்டும். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து விட்டுப்போனதை நிரப்ப வேண்டும். இதற்கு நம்மூரிலேயே ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர், 1761இல் இறக்கும் காலம் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன பேசினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிற்பாடு நினைவிலிருந்து எழுதியிருந்தால் அதற்கு இந்த மதிப்பு வந்திருக்குமா?

அந்தப் பெண் ஐந்து வாரம் போனாள். மூன்றாம் வாரம் முகம் வாடி வந்து நின்றாள். "கேள்வியே தப்பாயிடுச்சு தாத்தா. 2020ல சம்பளம் நின்னதும் எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டா, ஒரு அம்மா சிரிக்கிறாங்க. எங்களுக்கு எப்பவோ நின்னுபோச்சு, நீ இப்பதான் வர்றியான்னு கேக்கறாங்க" என்றாள்.

அந்த அம்மா சொன்னது சரி. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்த பிறகு ஆலை பழையபடி எழுந்து நிற்கவே இல்லை. அதற்குப் பின் லே-ஆஃப் என்று பாதிச் சம்பளம். ஆலையின் கதவு 2020இல் மூடியிருக்கலாம், அடுப்படிக்கு அது முன்பே மூடிவிட்டது. கணவர் கேட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த வருடங்களில், மனைவி வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். மூடுவிழா அரசாங்கத்துக் காகிதத்தில் ஒரு தேதியில் நடந்தது, வீட்டில் பல வருடமாக நடந்தது. இதை எந்த வலைத்தளத்திலிருந்தும் அவள் எடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து கேட்டு எடுத்தாள்.

"கேள்வி தப்பாகலம்மா, இப்பதான் சரியாகுது" என்று சொல்லி அனுப்பினேன். தொடக்க வருடத்தை 2020இலிருந்து 2011க்கு மாற்றினாள். ஏன் மாற்றினேன் என்பதையே ஒரு அத்தியாயமாக எழுதினாள். என் அபிப்பிராயத்தில் அந்தப் புத்தகத்தின் உயிர் அந்த அத்தியாயம்தான். தேடிப் போனது கிடைக்காமல் வேறொன்று கிடைத்தால் அதை மறைக்கக்கூடாது, எழுத வேண்டும். கிடைக்காததையும் கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும். ஆய்வு என்ற வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்.

காப்பியடிப்பது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். யு.ஜி.சி. 2018இல் இதற்கு விதி கொண்டுவந்தது. மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. அதற்கு மேல் போனால் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என்று படிப்படியாகத் தண்டனை. நல்ல விதிதான். ஆனால் பிள்ளைகள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? வாக்கியத்தில் வார்த்தைகளை மாற்றிப் போட்டு, கம்ப்யூட்டர் காட்டும் எண் பத்துக்குக் கீழே வரும்வரை உருட்டுகிறார்கள். இப்போது அதை உருட்டிக் கொடுக்கவும் கம்ப்யூட்டரே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒத்துப்போவதைத்தான் கண்டுபிடிக்கும், உழைப்பைக் கண்டுபிடிக்காது. முதலியார்பேட்டை அம்மா சிரித்ததை எழுதியிருக்கும் பிள்ளைக்கு எந்த எண்ணைப் பற்றியும் கவலை வேண்டாம். அந்தச் சிரிப்பு வேறு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வைவா அன்றைக்கு எந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்வாள். சொன்னாள்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், "யார்யா இதைப் படிக்கப் போறா? டிபார்ட்மெண்ட் பீரோவில் கரையான் அரிக்கப் போவுது. அந்தப் பிள்ளைக்கு வேணும்கிறது டிகிரி, வேலை. அஞ்சு வாரம் வெயில்ல அலையவிட்டு என்ன கண்ட?" என்று என்னிடம் கேட்டார். பீரோ விஷயத்தில் அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் புத்தகம் படிக்கப்படாமல் போனாலும் பிள்ளை கற்றுக்கொண்டது போகாது. முன்பின் தெரியாதவர் வீட்டில் மரியாதையோடு கேட்கத் தெரிந்தது, கேட்டதைக் கலக்காமல் எழுதத் தெரிந்தது, கெடுவுக்குள் முடிக்கத் தெரிந்தது. இந்த மூன்றும் இல்லாமல் எந்த ஆபீசில் பிழைக்க முடியும்? விலை கொடுத்து வாங்கிய புராஜெக்டில் கடைக்காரர்தான் எதையோ கற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, அதற்காகத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், பிள்ளைகளுக்கு அல்ல. இந்தப் பக்கத்தைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். மில்லில் வேலை பார்த்தவர்கள், மேரி அலுவலகத்தில் இருந்தவர்கள், சொல்தா வீட்டுப் பிள்ளைகள், 1954ஐயும் 1962ஐயும் சிறுவயதில் பார்த்தவர்கள். 2014 நவம்பர் மழையில் மேரி கட்டடம் சரிந்து விழுந்ததை நாமெல்லாம் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தோம். பழைய சாயலிலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள், சந்தோஷம். நம்மில் ஒருவர் போனால் அவர் தலைக்குள் இருந்ததைத் திரும்பக் கட்ட முடியுமா?

ஆகவே பெரியவர்களான நமக்குச் சில வேண்டுகோள்கள்.

கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால் "இதெல்லாம் எதுக்கு" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லி ஒரு டீ கொடுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். நாம் சொல்ல விரும்பும் அறிவுரையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். கேட்டதை விட்டு வெளியே போனால் நமக்கும் 'ஓர் சுழே'தான்.

நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்லுங்கள். நம் வீட்டுத் திண்ணையில் சொன்ன கதை நாளைக்கு அச்சில் ஆதாரமாக நிற்கும். பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துச் சொன்னால் அதுவே பெரிய உபகாரம்.

பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அப்பாவின் மில் சம்பளச் சீட்டு, தாத்தாவின் பிரெஞ்சுப் பிறப்புச் சான்று, ரசீதுகள், பென்ஷன் கடிதங்கள், பின்புறம் தேதி எழுதிய போட்டோக்கள். நமக்குக் குப்பை, எம்.ஏ. படிக்கும் பிள்ளைக்கு அது அத்தியாயம். கொடுக்க மனமில்லையென்றால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளவாவது விடுங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறோம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் நம் கண்ணாடிக்குக் கேடு ஒன்றும் வந்துவிடாது.

உங்கள் பேரனோ பேத்தியோ இந்த ஜனவரியில் புராஜெக்ட் என்று ஆரம்பித்தால், எவ்வளவு செலவாகும் என்று முதலில் கேட்காதீர்கள். "உன் கேள்வி என்ன?" என்று கேளுங்கள். ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் அந்த வேலை முடிந்துவிடும். சொல்ல முடியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரியை எடுங்கள். அப்புறம் காலண்டரைக் கொண்டுவரச் சொல்லி, கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கொடுங்கள்.